21 வயசுல எழுதின ஒரு தீசிஸ்

பத்தாங்கிளாஸ் சயின்ஸ் புக்கைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. நாளமில்லாச் சுரப்பிகள் பாடம். கணையம்னு ஒரு படம், அதுக்குள்ள லாங்கர்ஹான் திட்டுகள்னு ஒரு அம்புக்குறி. இங்கிலீஷ் மீடியம் மக்களுக்கு ஐலெட்ஸ் ஆஃப் லாங்கர்ஹான்ஸ். இன்சுலின் எங்கே சுரக்குதுன்னு கேட்டா இதை எழுதணும். எழுதினோம், மார்க் வாங்கினோம், இன்ஜினியரிங் வந்து சேர்ந்துட்டோம்.

அந்த லாங்கர்ஹான்ஸ் யாருன்னு நம்மள்ல எத்தனை பேர் தேடிப் பார்த்திருப்போம்? தாடி வெச்ச வயசான புரொஃபசரா இருப்பார்னுதான் மனசுல ஒரு படம் ஓடும். உண்மை என்னன்னா, அந்தத் திட்டுகளை அவர் முதன்முதலா எழுதி வெச்சப்போ அவருக்கு வயசு 21. அது அவரோட டாக்டர் பட்டத்துக்கான தீசிஸ். நம்ம ஃபைனல் இயர் வயசு!

இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தத் திட்டுகள் எதுக்கு இருக்குன்னு அவருக்குத் தெரியாது. தெரியலைன்னு தீசிஸ்லயே எழுதினார். கடைசி வரைக்கும் தெரியாமலே செத்தும் போனார். இன்னைக்கு உலகத்துல பல லேப்கள்ல வேற வகை செல்களை இன்சுலின் சுரக்கற செல்களா மாத்த முயற்சி நடக்குது. அந்தக் கதையோட முதல் பக்கம் இவர் எழுதினதுதான்.

பெர்லின் பையன்

பால் லாங்கர்ஹான்ஸ் 1847 ஜூலை 25-ம் தேதி பெர்லின்ல பிறந்தார். அப்பா டாக்டர். பின்னாடி ரெண்டு தம்பிகளும் டாக்டர் ஆனாங்க. நம்ம ஊர்ல சில குடும்பங்களைப் பார்த்திருப்பீங்களே, வீட்டுல யாரைக் கூப்பிட்டாலும் ஒரு ஸ்டெதஸ்கோப் திரும்பிப் பார்க்கும், அந்த மாதிரி.

மருத்துவப் படிப்பை முதல்ல யேனா நகரத்துல ஆரம்பிச்சார். அங்கே அவருக்குக் கிடைச்ச வாத்தியார் எர்ன்ஸ்ட் ஹேக்கல். டார்வினோட கருத்துகளை ஜெர்மனி முழுக்கப் பரப்பினவர், கடல் உயிரினங்கள் மேல பைத்தியமா இருந்தவர். கடலைப் பத்தின அந்த ஆர்வம் லாங்கர்ஹான்ஸ் மனசுல எங்கேயோ ஒட்டிக்கிச்சு. அது பின்னாடி வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் பெர்லினுக்கே திரும்பி வந்து ருடால்ஃப் விர்ச்சோவோட லேப்ல சேர்ந்தார். விர்ச்சோ அந்தக் காலத்து மருத்துவத்துல பெரிய தலை. ஒரு செல் இன்னொரு செல்லுல இருந்துதான் வரும், நோய்ங்கறதும் செல்லுல நடக்கற கோளாறுதான்னு உலகத்துக்குப் புரிய வெச்சவர். அவர் லேப்ல இருந்தா மைக்ரோஸ்கோப் முன்னாடி உட்கார்ந்தே ஆகணும்.

முதல்ல தோல், அப்புறம் கணையம்

1868-ல, இன்னும் ஸ்டூடன்ட்டா இருக்கும்போதே, மனிதத் தோலைத் தங்கக் குளோரைடு போட்டு நிறமேத்திப் பார்த்தார் லாங்கர்ஹான்ஸ். தோலோட மேலடுக்குல கிளை கிளையா கை நீட்டிக்கிட்டு சில செல்கள் தெரிஞ்சுது. பார்க்கறதுக்கு அச்சு அசல் நரம்புச் செல் மாதிரியே இருந்ததால, நரம்பு மண்டலத்தைச் சேர்ந்ததுன்னு முடிவு பண்ணி எழுதினார். அந்த முடிவு தப்பு. அந்தச் செல்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தோட வேலையைச் செய்யுதுன்னு தெரிய வந்தது 1973-ல. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இன்னைக்கும் அதுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்கள்னுதான் பேர்.

அடுத்த வருஷம், 1869 பிப்ரவரியில, டாக்டர் பட்டத்துக்கான தீசிஸை முன்வெச்சார். தலைப்பு, கணையத்தோட நுண் அமைப்பு பத்தி.

அந்தக் காலத்துல கணையத்தைப் பத்தி என்ன தெரியும்னு பார்க்கணும். வயித்துக்குப் பின்னாடி இருக்கற ஒரு சுரப்பி. ஜீரண நீர் சுரந்து, குழாய் வழியா குடலுக்கு அனுப்பும். அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு யாரும் நிரூபிச்சிருக்கலை.

லாங்கர்ஹான்ஸ் முயலோட கணையத்தை எடுத்தார். ரசாயனத்துல ஊற வெச்சு, பிரிச்சு, மைக்ரோஸ்கோப்புல பார்த்தார். குழாய் வழியா நீலச் சாயம் ஏத்தி அது எதுவரைக்கும் போகுதுன்னு பார்த்தார். ஜீரண நீர் சுரக்கற செல்கள் பூரா பொடிப்பொடியா துகள் நிறைஞ்சு இருந்துச்சு. ஆனா அதுக்கு நடுவுல அங்கங்கே வேற மாதிரி ஒரு கூட்டம். துகளே இல்லை. தெளிவான, பல பக்கம் கொண்ட குட்டிக் குட்டிச் செல்கள். ஒரு கூட்டத்தோட அகலம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு இருக்கும். கோலமாவு கொட்டின தரையில அங்கங்கே விழுந்த ரவை மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். சாதாரணமா பார்த்தா யாரும் கவனிக்காம தாண்டிப் போயிடலாம்.

அவர் தாண்டிப் போகலை. அந்தச் செல்கள் எப்படி இருக்கு, எவ்வளவு பெருசு, எங்கே எங்கே கூட்டமா இருக்குன்னு நிதானமா எழுதினார். இது என்ன வேலை செய்யுதுங்கற கேள்வி வந்த இடத்துல, தனக்கு அதுக்கு விளக்கம் தெரியலைன்னு ஒத்துக்கிட்டு அடுத்ததுக்குப் போயிட்டார்.

இதுல என்ன பெருசுன்னு தோணலாம். முந்தின வருஷம் தோல்ல ஒரு பதில் சொன்னார், இங்கே சொல்லலை. எதிர்ல இருக்கறது ஜெர்மனியோட பெரிய பெரிய புரொஃபசர்கள். வாய்க்கு வந்த ஒரு காரணத்தை எழுதியிருந்தா யாரும் மறுத்திருக்க முடியாது, ஏன்னா வேற யாரும் அதைப் பார்க்கவே இல்லை. அவர் அந்த இடத்தைக் காலியாவே விட்டார். அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் அடுத்த அம்பது வருஷம் ஒவ்வொருத்தரா வந்தாங்க.

பயணம், போர், ப்ரொஃபசர் வேலை

பட்டம் வாங்கின கையோட, 1870-ல, ஹைன்ரிச் கீப்பர்ட்ங்கற புவியியல் அறிஞரோட எகிப்து, சிரியா, பாலஸ்தீனம்னு கிளம்பிட்டார். அங்கே தொழுநோயாளிகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினார். அதே வருஷம் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் போர் வெடிச்சுது. திரும்பி வந்து காயம்பட்ட வீரர்களுக்கு வைத்தியம் பார்க்கற பிரிவுல வேலை பார்த்தார்.

போர் முடிஞ்சதும் 1871-ல ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்துல வேலை கிடைச்சுது. சவப் பரிசோதனை, உடற்கூறு, மாணவர்களுக்குப் பாடம். சீக்கிரமே ப்ரொஃபசரும் ஆயிட்டார். இருபதுகளோட நடுவுல இருக்கற ஒரு ஆளுக்கு, விர்ச்சோவோட சிஷ்யனுக்கு, முன்னாடி தெரிஞ்ச பாதை நேரா இருந்துச்சு.

1874-ல டிபி வந்துச்சு.

டிபின்னா இன்னைக்கு ஆறு மாசம் மாத்திரை. அன்னைக்கு அப்படிக் கிடையாது. அது ஒரு கிருமியால வருதுன்னு ராபர்ட் கோக் கண்டுபிடிச்சதே 1882-லதான். மருந்து வந்தது 1940-கள்ல. அதனால டாக்டர்கள் சொன்ன ஒரே வைத்தியம், நல்ல காத்து, நல்ல வெயில் இருக்கற ஊருக்குப் போங்கறதுதான். லாங்கர்ஹான்ஸ் இத்தாலியில நேப்பிள்ஸ், பலெர்மோ, காப்ரி, அப்புறம் ஸ்விட்சர்லாந்து மலைன்னு ஊர் ஊரா அலைஞ்சார். எதுவும் சரிப்பட்டு வரலை. பல்கலைக்கழகத்துல இருந்து விடுபட்டு 1875-ல மடைராவுக்குக் கப்பல் ஏறினார். அட்லாண்டிக் கடல்ல, மொராக்கோவுக்கு மேற்கே இருக்கற ஒரு போர்த்துகீசியத் தீவு. அப்போ அவருக்கு 28 வயசு.

தீவுல பதிமூணு வருஷம்

இந்த இடத்துல கதை முடிஞ்சு போயிருக்கலாம். லேப் இல்லை, கைடு இல்லை, ஸ்டூடன்ட்ஸ் இல்லை, நுரையீரல்ல டிபி. ஆனா மடைராவோட தலைநகர் ஃபுஞ்சால்ல அவர் உடம்பு ஓரளவு தேறிச்சு. தேறினதும் கடலைப் பார்த்தார். ஹேக்கல்கிட்ட ஒட்டிக்கிட்ட ஆர்வம்னு சொன்னேனே, அது இங்கேதான் எழுந்து உட்கார்ந்துச்சு.

மீனவர்கள் வலையிலயும் பாறை இடுக்கிலயும் கிடைக்கற கடல் புழுக்களைச் சேகரிச்சார். உடம்பு பூரா கண்டம் கண்டமா, முடி முடியா இருக்குமே, அந்த வகைப் புழுக்கள். அதையும் மைக்ரோஸ்கோப்புல வெச்சு, வரைஞ்சு, விவரம் எழுதி ஜெர்மன் ஜர்னல்களுக்கு அனுப்பினார். மடைராவோட புழுக்களைப் பத்தி வரிசையா கட்டுரைகள் வந்துச்சு. புதுசா கண்டுபிடிச்ச ஒரு வகைக்கு விர்ச்சோவியான்னு வாத்தியார் பேரை வெச்சார். நம்ம கைடுக்கு அக்னாலெட்ஜ்மென்ட்ல ஒரு பாரா எழுதறோம். இவர் ஒரு புழுவையே கொடுத்துட்டார்!

அது மட்டும் இல்லை. ஃபுஞ்சால்ல டாக்டராவும் வேலை பார்த்தார். அவரைத் தேடி வந்தவங்கள்ல நிறைய பேர், அவரை மாதிரியே டிபியோட ஐரோப்பாவுல இருந்து கப்பல் ஏறி வந்தவங்க. தனக்கே இருக்கற நோயை எதிர்ல இருக்கறவங்ககிட்ட பார்த்துப் பார்த்து, அது எப்படி வருதுன்னு கட்டுரையும் எழுதினார். 1885-ல தீவுக்கு வர்றவங்களுக்காக மடைரா பத்தி ஒரு கையேடு போட்டார். அதே வருஷம் கல்யாணமும் பண்ணிக்கிட்டார். அவர்கிட்ட வைத்தியம் பார்த்து இறந்துபோன ஒருத்தரோட மனைவியைத்தான்.

ஆனா சந்தோஷம் ரொம்ப நாள் நிக்கலை. 1887-ல சிறுநீரகம் கெட ஆரம்பிச்சுது. கால் வீக்கம், தலைவலி, ஞாபக மறதி. 1888 ஜூலை 20-ம் தேதி இறந்தார். இன்னும் அஞ்சு நாள் இருந்திருந்தா 41-வது பிறந்த நாள். ஃபுஞ்சால்ல இருக்கற ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்துல அவரை அடக்கம் பண்ணினாங்க.

அவர் போன பிறகு

அடுத்த வருஷமே, 1889-ல, ஸ்ட்ராஸ்பர்க்ல ஒரு பரிசோதனை நடந்துச்சு. லாங்கர்ஹான்ஸ் பாடம் எடுத்த ஃப்ரைபர்க்ல இருந்து ரொம்ப தூரம் கிடையாது, ரைன் நதிக்கு அந்தப் பக்கம். ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபான் மேரிங்னு ரெண்டு பேர் ஒரு நாயோட கணையத்தை முழுசா வெட்டி எடுத்தாங்க. நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. கணையத்துக்குள்ள ஏதோ ஒண்ணு ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்குன்னு அப்போதான் புரிஞ்சுது.

அந்த ஏதோ ஒண்ணு எது? 1893-ல பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லகேஸ், கணையத்துக்குள்ள ரத்தத்துல கலக்கற சுரப்பு ஒண்ணு இருந்தா அது இந்தச் செல் கூட்டத்துல இருந்துதான் வரணும்னு சொன்னார். ஒரு பழைய தீசிஸ்ல ஒரு பையன் இதை எழுதி வெச்சிருக்கான்னு தேடி எடுத்து, லாங்கர்ஹான்ஸ் தீவுகள்னு பேரும் வெச்சார். வாழ்க்கையோட கடைசி பதிமூணு வருஷத்தை ஒரு தீவுல கழிச்ச மனுஷனுக்கு, தன் பேர்ல கோடிக்கணக்கான தீவுகள் இருக்கப் போகுதுன்னு தெரியவே தெரியாது. நம்ம ஒவ்வொருத்தர் கணையத்துலயும் ஏறக்குறைய பத்து லட்சம் இருக்கு. இன்சுலின்ங்கற வார்த்தையே தீவுங்கற லத்தீன் சொல்லுல இருந்து வந்ததுதான்.

1901-ல அமெரிக்காவுல யூஜீன் ஓப்பி, சர்க்கரை நோயாளிகளோட கணையத்துல இந்தத் திட்டுகள் சிதைஞ்சிருக்கறதைக் காட்டினார். 1921-ல கனடாவுல டொரான்டோவுல பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரிச்சு எடுத்தாங்க. 1922 ஜனவரியில 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு முதல் ஊசி. அதுவரைக்கும் அந்த நோய் வந்த குழந்தைக்கு இருந்த ஒரே வழி, பட்டினி போட்டு நாளைத் தள்ளறது.

பக்கத்து வீட்டுக்காரனை மாத்தறது

இன்சுலின் ஊசி உயிரைக் காப்பாத்தும், நோயைத் தீர்க்காது. டைப் 1 சர்க்கரை நோயில, திட்டுகளுக்குள்ள இன்சுலின் சுரக்கற பீட்டா செல்களை உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சுடுது. நல்ல பீட்டா செல் ஒவ்வொரு நிமிஷமும் சர்க்கரையை அளந்து, தேவையான அளவு மட்டும் சுரக்கும். நம்ம பாஷையில சொன்னா க்ளோஸ்டு லூப் கன்ட்ரோல். வெளியில இருந்து போடற ஊசியால அந்தத் துல்லியம் வராது. அப்போ செல்லையே திருப்பிக் கொண்டுவர முடியுமா?

நம்ம உடம்புல இருக்கற கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏதான். சோர்ஸ் கோட் ஒண்ணு, ஆனா கல்லீரல் செல் ஒரு பகுதியை ஓட்டுது, பீட்டா செல் வேற பகுதியை ஓட்டுது. எதை ஓட்டணும்னு முடிவு பண்றதுக்குச் சில ஸ்விட்ச் ஜீன்கள் இருக்கு. அமெரிக்காவுல ஹார்வர்டுல டக்ளஸ் மெல்டன், சியாவோ ஜோ குழு ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஸ்விட்ச்களை அலசி, ஒன்பதாக் குறைச்சு, கடைசியில மூணுல வந்து நின்னாங்க. மெல்டனுக்கு இது வெறும் ஆராய்ச்சி கிடையாது. அவரோட ரெண்டு பிள்ளைங்களுக்கும் டைப் 1.

2008-ல அந்த மூணு ஜீனையும் ஒரு வைரஸ்ல ஏத்தி, உயிரோட இருக்கற எலியோட கணையத்துக்குள்ள செலுத்தினாங்க. குறி வெச்சது எந்தச் செல்லைத் தெரியுமா? ஜீரண நீர் சுரக்கற செல். லாங்கர்ஹான்ஸ் தன் தீசிஸ்ல துகள் நிறைஞ்சதுன்னு எழுதின அதே செல், திட்டுகளோட பக்கத்து வீட்டுக்காரன். சில நாள்லயே அதுல ஒரு பகுதி, பிரியாமலே, பீட்டா செல் மாதிரி உருவம் மாறி இன்சுலின் சுரந்துச்சு. சர்க்கரை நோய் இருந்த எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை குறைஞ்சுது. ஆனா முழுசா சரியாகலை. மாறின செல்கள் திட்டா ஒண்ணு சேராம அங்கங்கே தனித்தனியா சிதறி நின்னதும் அதுக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. அதாவது, தீவா இருக்கறதுக்கே ஒரு அர்த்தம் இருக்கு.

முதிர்ந்த ஒரு திசு வேற வகைத் திசுவா மாறும்னு கவனிச்சு, அதுக்கு மெட்டாபிளேசியான்னு பேர் வெச்சது யாருன்னு நினைக்கறீங்க? விர்ச்சோதான். வாத்தியார் பேர் வெச்ச நிகழ்வை, சிஷ்யன் கண்டுபிடிச்ச இடத்துல, இன்னொருத்தர் வேணும்னே நடத்திக் காட்டினார்.

ஜெனீவாவுல பெத்ரோ எரேரா குழு 2010-ல இன்னொண்ணைக் காட்டினாங்க. எலியோட பீட்டா செல்களைக் கிட்டத்தட்ட முழுசா அழிச்சா, அதே திட்டுல இருக்கற ஆல்ஃபா செல்கள்ல கொஞ்சம் தானாவே இன்சுலின் சுரக்க ஆரம்பிக்குது. ஆல்ஃபா செல்லோட வழக்கமான வேலை சர்க்கரையை ஏத்தற ஹார்மோனைச் சுரக்கறது. 2019-ல மனிதத் திட்டுகள்ல இருந்து எடுத்த ஆல்ஃபா செல்களை ரெண்டே ஜீனால மாத்தி, சர்க்கரை நோய் இருந்த எலிகளுக்குப் பொருத்தினாங்க. எலிகளோட சர்க்கரை கட்டுக்குள்ள வந்துச்சு.

2024-ல சீனாவுல இருந்து வந்த செய்தி இன்னும் பெருசு. டைப் 1 இருந்த ஒரு பெண்ணோட கொழுப்புத் திசுவுல இருந்து செல் எடுத்து, ரசாயனங்களால ஸ்டெம் செல்லாப் பின்னோக்கித் திருப்பி, அங்கிருந்து திட்டுகளா வளர்த்து, வயித்துத் தசைப் பக்கம் வெச்சாங்க. எழுபத்தஞ்சு நாள்ல அவங்களுக்கு இன்சுலின் ஊசி தேவைப்படலை.

உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டு, சுகர் மாத்திரையை நிறுத்திடலாம்னு சொல்லிடாதீங்க. அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்று சிகிச்சை பண்ணிக்கிட்டு, எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்துல இருந்தவங்க. அந்த மருந்து இல்லாத டைப் 1 நோயாளிக்குப் புதுச் செல்லைக் கொடுத்தா, பழசை அழிச்ச அதே எதிர்ப்பு சக்தி இதையும் அழிக்க வரும். வைரஸால உடம்புக்குள்ளயே ஜீனை ஏத்தறது மனுஷங்களுக்குப் பாதுகாப்பா இருக்கணும். மாறின செல் மாறினபடியே வருஷக்கணக்குல நிக்கணும். நம்ம வீடுகள்ல அதிகம் பார்க்கற டைப் 2-வோட கணக்கு வேற. இன்னும் வேலை நிறைய இருக்கு.

நமக்கு என்ன?

இன்னும் சில மாசத்துல நம்ம எல்லார் கையிலயும் ஒரு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கும். ரிசல்ட் சாப்டர்ல ஏதோ ஒரு கிராஃப்ல, எதிர்பார்க்காத இடத்துல ஒரு சின்ன மேடு தெரியும். ஏன்னு தெரியாது. அதை அழிச்சுடலாம், இல்லைன்னா இன்டர்நெட்ல இருந்து ஒரு காரணத்தை எடுத்து ஒட்டிடலாம். வைவாவுல யாரும் கேட்கவும் மாட்டாங்க.

மூணாவதா ஒரு வழி இருக்கு. மேடு எங்கே இருக்கு, எவ்வளவு உயரம், எத்தனை தடவை வந்துச்சுன்னு அளந்து எழுதிட்டு, காரணம் எனக்குத் தெரியலைன்னு ஒரு வரி சேர்க்கறது. 1869-ல பெர்லின்ல நம்ம வயசுப் பையன் ஒருத்தன் அதைத்தான் பண்ணினான். அவனுக்கு அதுக்காக எந்தப் பரிசும் கிடைக்கலை. ஆனா அவன் அளந்தது சரியா இருந்ததால, இருபத்தி நாலு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் அதைத் தேடி எடுக்க முடிஞ்சுது.

அடுத்த தடவை வீட்டுல அப்பாவோ பாட்டியோ இன்சுலின் பேனாவைத் திருகும்போது, ஒரு நிமிஷம் அந்தத் தீவை நினைச்சுக்கோங்க.